பாம்புக்கு முறை தெரியுமா?

சென்ற தவணையின் இறுதி வாரம். பரீட்சை முடிந்து, விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டு வகுப்பறையில் அமர்ந்திருந்தேன். பின்வாங்கில் நாலைந்து மாணவர்கள் ஒரு கைத்தொலைபேசியைச் சூழ்ந்து நின்றார்கள். கட்டாரில் வேலை செய்யும் தமையன் ஒருவன் தன் தம்பிக்கு அனுப்பிய படம் அது. மஞ்சளும் வெள்ளையுமாய் ஓர் இளம் மலைப்பாம்பு; செங்கண்கள்; பட்டுத் துணியைச் சுருட்டி வைத்ததுபோன்ற உடல். அதன் விலையைப் பையன் சொன்னபோது, படுவான்கரையில் ஓர் ஏக்கர் வயலைச் செய்து முடிக்கிறவனின் ஒரு போகத்து வருமானம் என் நினைவுக்கு வந்தது.

"தகப்பனையும் மகளையும் சேர்த்து எடுத்த குட்டியாம், சேர். அதுதான் இந்த நிறமாம்" என்றான் அவன்.

முன்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி திரும்பினாள். "தகப்பனும் மகளுமா? பாம்புக்கு முறை தெரியாதா, சேர்?"

வகுப்புச் சிரித்தது. மணியும் அடித்துவிட்டது. எனக்கோ சிரிப்பு வரவில்லை. அன்று மாலை வாவிக்கரையோரமாய் வீடு திரும்பும்போதும் அக்கேள்வி என்னைத் தொடர்ந்து வந்தது. சிறுமி விளையாட்டாய்க் கேட்டாள். ஆயினும் அக்கேள்வியின் அடியிலே ஒரு பெரிய அறப்பிரச்சினை கிடக்கிறது. அதையே நண்பர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

அப்பாம்பின் தாயகம் மேற்கு ஆபிரிக்கா. அஞ்சினால் தலையை நடுவில் ஒளித்துப் பந்துபோற் சுருண்டுகொள்ளும். அதனாலேயே அதற்குப் பந்து மலைப்பாம்பு என்று பெயர். நஞ்சற்றது, நம் வெங்கிணாந்தியினும் மிகச் சிறியது. நம்மூரில் நாகதம்பிரானுக்குப் பால் வைப்பதுபோல, பெனின் நாட்டு உவீதா நகரத்து மக்கள் இதற்குக் கோயிலே வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெய்வமாயிருந்தது உலகச் சந்தையிலே பண்டமாயிற்று.

இயற்கையில் இதன் நிறம் கபிலமும் கருமையும். ஆயிரக்கணக்கில் எங்கோ ஒன்று நிறமியின்றி வெளிறிப் பிறக்கும். அமெரிக்க வளர்ப்பகம் ஒன்றில் 1992-இல் அத்தகைய வெளிறிய குட்டிகள் முதன்முதலாகப் பொரித்தபோது, குட்டியொன்று 7,500 டொலர் விலை பெற்றது. அன்று தொடங்கிய வேட்டை இன்றும் ஓயவில்லை. முதல் நிறம் மலிந்ததும் சந்தை இரண்டாவதைக் கேட்டது. இரண்டாவதும் மலிந்ததும் இரண்டையும் கலந்த மூன்றாவதைக் கேட்டது. அழகுக்காக இவ்விலை கொடுக்கிறோம் என்பார்கள். அழகு குறையாதிருக்க விலைமட்டும் ஏன் குறைகிறது? அவர்கள் விலைகொடுத்தது அருமைக்கு. அதாவது, பிறனிடம் இல்லாதது தன்னிடம் இருக்கிறது என்னும் மகிழ்ச்சிக்கு.

இவ்வணிகம் தொலைதூரத்துக் கதையுமன்று. 2023 ஜனவரியில் பாங்கொக்கிலிருந்து சென்னை விமான நிலையம் வந்து, உரிமை கோருவாரின்றிக் கிடந்த இரு பெட்டிகளைச் சுங்கத்தார் திறந்தபோது 45 பந்து மலைப்பாம்புகள் இருந்தன. அதே ஆண்டு ஏப்பிரலில் கோலாலம்பூரிலிருந்து வந்த பயணி ஒருவரின் பெட்டிகளில் 22 பாம்புகள் அகப்பட்டன. காட்டுயிர்களைப் பிடிப்பதையும் கொண்டுவருவதையும் கட்டுப்படுத்த நம் நாட்டிலே 1937-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. எனினும் பணம் இருக்குமிடத்துக்குப் பண்டம் வழி கண்டுபிடித்து வந்துவிடுகிறது.

இனி, தகப்பனையும் மகளையும் ஏன் சேர்க்க வேண்டும்?

உயிர்கள் ஒவ்வோர் இயல்புக்கும் இரண்டு பரம்பரையலகுகளைக் கொண்டிருக்கின்றன. மரபணு என்று தமிழகத்தார் வழங்குவதும் இதுவே. ஒன்று தந்தை வழி வருவது, மற்றது தாய் வழி வருவது. வெளிறிய நிறத்தைத் தரும் அலகு பின்னிடைவானது. இரண்டும் ஒருங்கே அமைந்தாலன்றி அது வெளிப்படாது. வெளிறிய ஆணைச் சாதாரணப் பெண்ணோடு சேர்த்தால் பிறக்கும் குட்டிகளெல்லாம் சாதாரண நிறமாகவே இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் அந்த அலகில் ஒன்றை மறைத்து வைத்திருக்கும். அக்குட்டிகளை ஒன்றோடொன்று சேர்த்தால் நாலில் ஒன்று வெளிறிப் பிறக்க வாய்ப்புண்டு. மகளைத் தகப்பனோடு சேர்த்தாலோ இரண்டில் ஒன்று. ஆகவே, உள்ளது ஒரே ஒரு வெளிறிய பாம்பாயின், குடும்பத்துக்குள்ளேயே சேர்ப்பதுதான் இலாபத்துக்குக் குறுக்குவழி.

ஆனால் குறுக்குவழியிலே வருவது நிறம் மாத்திரமன்று. பாம்பாயினும் மனிதராயினும் ஒவ்வோர் உயிரும் தீங்கான சில பின்னிடைவு அலகுகளைச் சுமந்து திரிகிறது. அந்நியனோடு சேரும்போது, ஒருவரின் குறையை மற்றவரின் நல்ல அலகு மூடிவிடுகிறது. நெருங்கிய உறவு சேரும்போது ஒரே குறை இருபுறமிருந்தும் வந்து சந்திக்கிறது. தகப்பன் மகள் சேர்க்கையிலும் உடன்பிறந்தார் சேர்க்கையிலும் பிறக்கும் குட்டிக்கு, எந்த ஓர் இயல்பிலும் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தனவாயிருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. பொரிக்காத முட்டைகள், முதுகெலும்பு முறுகிய குட்டிகள், கண்ணில் ஊனமுற்ற குட்டிகள், இரை தின்னாது மெலிந்து மடியும் குட்டிகள் என்று அதன் விளைவுகள் வெளிப்படுகின்றன. இவற்றின் படத்தை எந்த விற்பனையாளனும் தொலைபேசியில் அனுப்புவதில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எல்லாக் கேடும் உறவுச் சேர்க்கையால் வருவதன்று. 'சிலந்தி' என்று வணிகர் பெயரிட்ட ஒரு கோலம் உண்டு. உடலெங்கும் நூல் பின்னியதுபோன்ற கோடுகள். அந்தப் பாம்பின் தலை ஓயாது ஆடும். இரையைக் கொத்தக் குறிவைத்தால் தவறும். சிலவேளை மல்லாந்து திருகிக் கிடக்கும். அதன் உட்செவியின் அமைப்பே கோணியிருப்பதை 2022-இல் வெளியான ஓர் ஆய்வு படம்பிடித்துக் காட்டிற்று. இங்கே கோலமும் நோயும் ஒரே அலகோடு பிணைந்தவை. எவ்வளவு தூரத்து உறவோடு சேர்த்தாலும், கோலம் போகுமிடமெல்லாம் நோயும் கூடவே போகும். பிரித்தானியாவில் ஊர்வன வளர்ப்போரின் சங்கம் ஒன்று இதைத் தன் கண்காட்சிகளில் விற்பதையே தடைசெய்தது. ஆயினும் இரண்டு கேட்டுக்கும் பின்னால் நிற்பது ஒரே மனப்பான்மை. உயிர் எப்படியிருந்தால் என்ன, தோல் விலைபோனால் சரி.

வளர்ப்போர் மறுமொழி சொல்வார்கள். அதையும் கேட்கத்தான் வேண்டும். "எத்தனையோ தலைமுறையாய் உறவுக்குள் பெருக்கியும் எங்கள் பாம்புகள் நன்றாகத்தான் இருக்கின்றன" என்பார்கள். அப்படியிருப்பதும் உண்டு. தொடக்கத்துப் பாம்பிலே கொடிய குறை ஒன்றும் மறைந்திராவிட்டால் சேதம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மறைந்திருக்கிறதா இல்லையா என்பதை முன்கூட்டி அறியாமலே சேர்க்கிறார்கள். அது சூதாட்டம். வென்றால் பணம் வளர்ப்பவனுக்கு. தோற்றால் முறுகிய முதுகு பாம்புக்கு. பந்தயம் கட்டுகிறவன் ஒருவனும் தோல்வியைச் செலுத்துகிறவன் மற்றொருவனுமாய் இருப்பதைத் தொழிலாளர் வாழ்வில் நாம் சுரண்டல் என்கிறோம். பாம்பின் வாழ்வில் அதற்கு வேறு பெயர் வைப்பானேன்?

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். பாம்புக்கு முறை தெரியுமா? காட்டிலே குட்டிகள் முட்டையை விட்டு வெளிவந்ததும் திசைக்கொன்றாய்ப் பிரிந்து போகின்றன. பருவகாலத்தில் ஆண் பெண்ணைத் தேடி அலைகிறது. தகப்பனும் மகளும் சந்திக்கும் வாய்ப்புத் தானே அருகிவிடுகிறது. முறையைப் பாம்பு அறியாவிட்டாலும் அது உலவும் பரந்த வெளி அதற்காக அதைக் காத்து நிற்கிறது. அவ்வெளியை அடைத்துவிட்டால் என்ன நேரும் என்பதற்குச் சுவீடன் நாட்டில் ஓர் உண்மைச் சான்று உண்டு.

அந்நாட்டின் தென்கரையிலே விரியன் இனப் பாம்புகளின் சிறு கூட்டம் ஒன்று, விளைநிலங்களால் சூழப்பட்டு மற்றக் கூட்டங்களிலிருந்து பிரிந்துபோயிற்று. வெளியிலிருந்து புதிய இரத்தம் வரவில்லை. செத்துப் பிறக்கும் குட்டிகளும் ஊனமுற்ற குட்டிகளும் பெருகின. கூட்டம் அழிவை நெருங்கியது. 1992-இல் ஆய்வாளர்கள் வேறோரிடத்திலிருந்து 20 ஆண் பாம்புகளைக் கொண்டுவந்து அங்கே விட்டார்கள். நான்கு பருவங்களின் பின் எஞ்சியவற்றை மீளப் பிடித்து அவற்றின் இடத்துக்கே அனுப்பினார்கள். அவை விட்டுச்சென்ற மரபினால் அக்கூட்டம் மீண்டும் பெருகியது. 1999-இல் 'நேச்சர்' இதழில் இச்செய்தி வெளியாயிற்று. அயலான் வந்தால் இனம் கெடும் என்று ஊர்தோறும் கேட்டுப் பழகிய நமக்கு, அந்தப் பாம்புகள் நேர்மாறான பாடத்தைச் சொல்லித் தருகின்றன. அங்கே அயலான் வராததால் இனம் கெட்டது. அயலான் வந்து காப்பாற்றினான்.

சுவீடனில் வெளியை அடைத்தது உழவு. எவரும் எண்ணிச் செய்ததன்று. எண்ணிச் செய்ததற்கு இந்தியாவிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. மத்திய இந்தியாவின் ரேவா சமஸ்தானத்து மகாராசா 1951-இல் காட்டிலே ஒரு வெள்ளைப் புலிக்குட்டியைப் பிடித்து, 'மோகன்' என்று பெயரிட்டு அரண்மனையில் வளர்த்தார். சாதாரணப் பெண்புலியோடு சேர்த்தபோது வெள்ளைக் குட்டி ஒன்றும் பிறக்கவில்லை. பின்னர் அதன் மகள் 'ராதா'வோடு சேர்த்தார்கள். 1958-இல் நான்கு வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. அவற்றில் ஒன்று 1960-இல் அமெரிக்கத் தலைநகரின் விலங்குக் காட்சிச்சாலைக்குப் போயிற்று. அன்றுமுதல் உலகெங்கும் மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கி அதிசயிக்கும் வெள்ளைப் புலிகளிற் பெரும்பாலானவை இவ்வாறு உறவுக்குள் உறவாய்ப் பெருக்கப்பட்டவை. சென்னை வண்டலூரிலும் அவற்றைக் காணலாம். அவற்றுட் பலவற்றின் மாறுகண்ணுக்குக் காரணம், கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்புகள் தடம் மாறியிருப்பது. 2011-இல் அமெரிக்க விலங்குக் காட்சிச்சாலைகளின் சங்கமே இவ்வழக்கத்தைக் கைவிடுமாறு தன் உறுப்பினரைக் கேட்டுக்கொண்டது. ஒரு மகாராசாவின் பெருமைக்காகத் தொடங்கிய செயல் அரை நூற்றாண்டுக்குப் பின்னரே தவறென ஏற்கப்பட்டது.

பெருமைக்காக விலங்கை இவ்வாறு சேர்த்த அரசகுலம், உடைமைக்காகத் தன்னையே இவ்வாறு சேர்த்துக்கொண்டதும் வரலாற்றில் உண்டு. ஸ்பெயினை ஆண்ட ஹப்ஸ்பேர்க் குலத்தார், நாடும் நிலமும் பிறர் கைக்குப் போகாதிருக்கத் தலைமுறை தலைமுறையாய் நெருங்கிய உறவுக்குள்ளேயே மணந்தார்கள். அவ்வழியில் வந்த கடைசி அரசன் இரண்டாம் சார்ள்ஸ், மாமனுக்கும் மருமகளுக்கும் பிறந்தவன். பேச்சும் நடையும் பிந்தி வந்த அவன், பிள்ளையின்றி 1700-இல் தனது 38-ஆம் வயதில் இறந்தான். பிரியக்கூடாதென்று காத்த நாடு பல்லாண்டுப் போருக்குக் காரணமாயிற்று. நிலத்தைச் சேர்த்துவைக்க இரத்தத்தைச் சுருக்கினார்கள். கடைசியில் இரண்டும் தங்கவில்லை.

"அரசருக்கு நேர்ந்தது நமக்கென்ன?" என்று கேட்கலாம். நம் மட்டக்களப்பு மண்ணிலே குடி வழக்கம் உண்டு. தாய் வழியாகக் குடி வரும். ஒரே குடியார் தம்முள் மணம் செய்வதில்லை. கோயில் திருவிழாவும் குடிக்குக் குடி முறைவைத்தே நடக்கும். இவ்வழக்கத்தில் ஒரு சமூக ஞானம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெரியம்மாவின் மகளைத் தங்கை என்று விலக்குகிற அதே முறை, மாமன் மகளை உரிமைப்பெண் என்கிறது. பரம்பரையலகுக் கணக்கில் இருவரும் சம தூரம். இருவரும் நம்மோடு எட்டில் ஒரு பங்கைப் பகிர்ந்துகொண்டவர்கள். முறை வேறு, இரத்தம் வேறு. முறை அளப்பது உரிமையையும் வளவையும் வயலையும். இரத்தத்தை அளக்கும் கோல் அதனிடம் இல்லை. ஆகவே, முறை தெரியாத பாம்பைக் கண்டு சிரிக்கிற நாம், முறை தெரிந்தும் இதை அறியாதவர்களாய் இருந்திருக்கிறோம்.

இதைச் சொல்லும் எனக்கு இது ஏட்டுப் படிப்பு மாத்திரமன்று. என் பெற்றோர் மச்சானும் மச்சாளும். என் அக்கா பிறவியிலேயே காது கேளாதவர். உறவுமணத்தால்தான் அது நேர்ந்ததென்று எந்த மருத்துவரும் எங்களுக்கு அறுதியிட்டுச் சொன்னதில்லை. அப்படி இல்லாமலும் இருக்கலாம். ஆனால் ஊரார் சும்மா இருக்கவில்லை. சிலர் விதி என்றார்கள். சிலர் நாகத்தை அடித்த பாவம் என்றார்கள். எல்லாரும் ஒருமித்து என் தாயைத்தான் பார்த்தார்கள். அந்தப் பார்வைகளுக்கு அஞ்சி என் தாய் பல ஆண்டுகள் கலியாண வீடுகளுக்கே போகாதிருந்தார்.

ஆதலால் இங்கே ஒன்றைத் திட்டமாகச் சொல்ல விரும்புகிறேன். குறையோடு பிறந்தவர் பிறந்திருக்கக் கூடாது என்பது என் வாதமன்று. அந்த வாதம் எங்கே போய் முடியும் என்பதை உலகம் கண்டிருக்கிறது. 1933-இல் ஜேர்மனியின் நாசி அரசு, பரம்பரை நோயுடையோருக்குக் கட்டாயமாய்க் கருத்தடை செய்யும் சட்டத்தை இயற்றியது. அந்தப் பட்டியலில் பிறவிக் குருடரும் பிறவிச் செவிடரும் இருந்தார்கள். என் அக்கா அந்நாட்டில் அக்காலத்தில் வாழ்ந்திருந்தால் அந்தப் பட்டியலில் அவர் பெயரும் ஏறியிருக்கும். தூய இனம் வேண்டுமென்று பாம்பைப் பெட்டிக்குள் சேர்ப்பவனும், தூய இனம் வேண்டுமென்று மனிதரை வெட்டிக் கழிப்பவனும் ஒரே கொள்கையின் இரு கைகள். நம் சாதிமான்கள் தூய்மை என்று உரைப்பதும் அக்கொள்கையையே.

அப்படியாயின் அறத்தின் அளவுகோல் எது? மூன்று கேள்விகள் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. அறிந்தவன் யார்? ஆதாயம் அடைபவன் யார்? துன்பம் சுமப்பவன் யார்?

என் பெற்றோர் அறியார், ஆதாயமும் அடைந்திலர், துன்பத்தை அக்காவோடு சேர்ந்தே சுமந்தார்கள். அவர்களிடம் குற்றம் காண எவருக்கும் உரிமையில்லை. பாம்புப் பண்ணைக்காரனோ அறிந்தவன். ஆதாயம் முழுவதும் அவனுக்கு. துன்பம் முழுவதும், வேண்டாம் என்று சொல்ல வாயில்லாத உயிருக்கு. இம்மூன்றும் எங்கே பிரிந்து நிற்கின்றனவோ அங்கே அநீதி இருக்கிறது.

அறிவு வந்தபின் கடமையும் வருகிறது. இயற்கை விஞ்ஞானி டார்வின் 1839-இல் மணந்தது தன் மாமன் மகளையே. பத்துப் பிள்ளைகளில் மூவர் சிறுவயதில் இறந்தனர். உறவுச் சேர்க்கையின் தீமையைத் தாவரங்களில் ஆராய்ந்த அவர், தம் மணமும் பிள்ளைகளுக்குத் தீங்காயிற்றோ என்று கலங்கினார். 1871-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் உறவுமணம் பற்றிய கேள்வியைச் சேர்க்க நண்பர் மூலம் முயன்றார், பாராளுமன்றம் மறுத்துவிட்டது. அவர் தம்மை நொந்துகொண்டதோடு நில்லாமல், உண்மை எல்லாருக்கும் தெரியவேண்டுமென்று முயன்றதே பெரிது. இன்று நாம் அவரைவிட அறிந்திருக்கிறோம். இங்கிலாந்தின் பிராட்போர்ட் நகரில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வின்படி, பிறவிக்குறைக்கான வாய்ப்புப் பொதுவில் நூற்றுக்கு 3. உறவுமணத்தில் அது ஏறத்தாழ 6. அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள். அச்சமூட்டுவதற்கும் இடமில்லை, மறைப்பதற்கும் இடமில்லை. இளைஞருக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். இரத்தப் பரிசோதனையும் ஆலோசனையும் ஏழைக்கும் எட்டச் செய்யுங்கள். பின்னர் முடிவை அவர்களிடம் விடுங்கள். மனிதருக்கு வாயுண்டு, கேட்டுத் தெளிந்து தீர்மானிக்க முடியும். பாம்புக்கு அது இல்லாதபடியால், அதன் பொருட்டுத் தீர்மானிக்கும் நம் பொறுப்பு மேலும் கனக்கிறது.

மறு தவணை தொடங்கிய நாளில் இவற்றைச் சுருக்கி வகுப்பிலே சொன்னேன். பாம்பைப் பழந்தமிழில் கட்செவி என்பர் என்றும் சொன்னேன். கண்ணே காதாகவுடையது என்று முன்னோர் எண்ணியிருக்கிறார்கள். பாம்பு நிலத்தின் அதிர்வைத் தாடையெலும்பால் உணர்கிறது என்பது இன்றைய விளக்கம். அச்சொல்லைச் சொல்லும்போதெல்லாம், பேசுகிறவரின் முகத்தைக் கூர்ந்து பார்த்தே எல்லாவற்றையும் விளங்கிக்கொள்ளும் என் அக்காவை நினைத்துக்கொள்கிறேன். அதை வகுப்பிலே சொல்லவில்லை.

பாடம் முடிந்ததும் அந்தப் பையன் மேசையருகே வந்தான். "அண்ணன் ஒரு சோடி வாங்கித் தொழில் தொடங்கப் போறாராம், சேர். வேண்டாம் எண்டு சொல்லட்டா?"

"வேண்டாம் என்று நான் சொல்லி நீ சொல்லாதே. விற்கிறவனிடம் ஒன்றைமட்டும் கேட்கச் சொல். இந்தக் குட்டியோடு ஒரே ஈட்டில் பிறந்த மற்றவை இப்போது எங்கே?"

ஒரு வாரம் கழித்து மறுமொழி வந்தது. கேள்வியைக் கேட்டதும் விற்பனையாளன் விலையைக் குறைத்தானாம். மற்றவற்றைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். அண்ணன் வாங்கவில்லை என்றான் பையன். முன்வாங்கு மாணவி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப முறை தெரியாதது பாம்புக்கில்ல, சேர்" என்றாள்.